வேல்ஸ் மன்னர்களின் கொடிவழியைப் படிப்பது எப்படி: கினெதா முதல் ஹவெல் தா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேல்ஸ் நாட்டின் பழைய மன்னர்களைத் தேடிப் போனால் முதலில் கைக்குக் கிடைப்பவை நீளமான கொடிவழிகள்தான். ஓவைனின் தந்தை ஹவெல், ஹவெலின் தந்தை காடெல், காடெலின் தந்தை ரோட்ரி என்று ஏறிக்கொண்டே போகும். அப்படியே, குவினெத் என்ற வட வேல்ஸ் அரசின் மூதாதை என்று சொல்லப்படும் கினெதாவைத் தாண்டி, கடைசியில் கன்னி மரியாளுக்கு உறவுக்காரி என்று சொல்லப்படும் அன்னா என்ற பெண்ணிடம் போய் நிற்கும். இன்னொரு கிளை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனைத் தொடும். இதில் எதை நம்புவது? ஏறும்போது எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்?

முழுவதையும் நம்புகிறவர்களும் உண்டு, முழுவதையும் கட்டுக்கதை என்று தள்ளுகிறவர்களும் உண்டு. இரண்டுமே நஷ்டம் என்பது என் கருத்து. ஒரு கொடிவழியை, அதை எழுதச் சொன்ன மன்னரின் மூலப்பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிலம் எனக்கு எப்படி வந்தது என்று அவர் சொல்கிறார். அதில் உண்மை நிறைய இருக்கும், தேவைக்காகச் சேர்த்த வரிகளும் இருக்கும். இரண்டையும் பிரித்தெடுக்கும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: நிலப்படத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம ஆட்சி பிரிட்டனை விட்டு நீங்கியது. அதற்குப் பிறகு இன்றைய வேல்ஸில் பல சிறு அரசுகள் எழுந்தன. வடமேற்கில் குவினெத், அதன் வளமான பகுதி ஆங்கிள்ஸி தீவு. கிழக்கே ஆங்கிலேயர் எல்லையை ஒட்டி பொவிஸ். மேற்குக் கடற்கரையில் கெரெடிகியன். தென்மேற்கு மூலையில் டவெட். உள்நாட்டு மலைப்பகுதியில் பிரெக்கைனியோக். தென்கிழக்கில் கிளிவிசிங்கும் குவென்ட்டும்.

மூத்த மகனுக்கே பட்டம் என்ற கட்டாயம் இங்கே இல்லை. சொத்து மகன்கள் எல்லோருக்கும் பங்காகப் போகும். அரசுரிமைக்கும் தம்பி, சித்தப்பா, பெரியப்பா மகன் எல்லோரும் போட்டியிடுவார்கள். ஆகவே பங்காளிச் சண்டை இல்லாத தலைமுறையே கிடையாது என்று சொல்லிவிடலாம். ஹவெல் தா (மேலே சொன்ன ஓவைனின் தந்தை ஹவெல்தான்) இறந்ததும், 950 வாக்கில் கார்னோ என்ற இடத்தில் மோதிக்கொண்ட இரு தரப்பினரும் அதே வரிசையில் வந்த ரோட்ரியின், அதாவது ரோட்ரி மௌரின் கொள்ளுப்பேரன்கள். உரிமை கேட்க இத்தனை பேர் இருக்கும் ஊரில் கொடிவழிக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 2: பெயர்களை அடையாளம் காணப் பழகுங்கள்

பழைய ஏடுகளில் ‘மாப்’ என்று வந்தால் மகன். பிற்காலத்தில் அது ‘அப்’ என்று சுருங்கியது. ‘மெர்க்’ என்றால் மகள். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வரிகள் புரிந்துவிடும்.

எழுத்து வேறுபாடுதான் தலைவலி. கில்டாஸ் என்ற 6-ஆம் நூற்றாண்டுத் துறவி லத்தீனில் ‘மாக்லோகூனுஸ்’ என்று எழுதிய மன்னரே வேல்ஸ் ஏடுகளில் ‘மைல்குன்’. அவர் ‘கூனெக்லாசுஸ்’ என்று திட்டுகிற இன்னொரு மன்னர், கொடிவழியில் ‘கின்கிளாஸ்’ என்று வருகிறார். ஒரே பெயர் பல தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும் என்பதால் பட்டப்பெயரைத் தவறாமல் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மௌர் என்றால் பெரியவர், தா என்றால் நல்லவர், மெர்வின் ஃபிரிக் முகத்தில் புள்ளி உள்ளவர், இட்வல் வோயில் வழுக்கைத் தலையர்.

படி 3: சாட்சிகளை வயதுப்படி அடுக்குங்கள்

ஒரு செய்தி எவ்வளவு விரிவாக இருக்கிறது என்பதைவிட, அது எப்போது எழுதப்பட்டது என்பதே முக்கியம். அந்தந்தக் காலத்திலேயே செதுக்கிய கல்வெட்டுகளுக்கு முதலிடம் கொடுங்கள். ஆங்கிள்ஸியில் லாங்காட்வலாடர் தேவாலயச் சுவரில் ஒரு கல் இருக்கிறது. “கடமானுஸ் ரெக்ஸ் சபியென்டிசிமுஸ் ஒபினாடிசிமுஸ் ஓம்னியும் ரேகும்” என்று அதில் வெட்டியிருக்கிறது. எல்லா மன்னர்களிலும் மிகுந்த அறிவும் புகழும் கொண்ட மன்னர் கடமானுஸ் என்று பொருள். இவர்தான் 625 வாக்கில் இறந்த குவினெத் மன்னர் காட்வான். தேவாலயமும் ஊரும் தாங்கி நிற்பது அவருடைய பேரன் காட்வலாடரின் பெயரை.

அடுத்து சமகாலத்திலோ அதை ஒட்டியோ எழுதப்பட்டவை: 6-ஆம் நூற்றாண்டுக்கு கில்டாஸ், 7-ஆம் நூற்றாண்டுக்கு ஆங்கிலேயத் துறவி பீட், 893-இல் ஆங்கிலேய மன்னர் ஆல்ஃபிரட்டின் வரலாற்றை எழுதிய வேல்ஸ்காரர் ஆசர். பிறகு 829–830-இல் குவினெத்தில் மெர்வின் ஃபிரிக் ஆட்சியின் நான்காம் ஆண்டில் எழுதப்பட்ட ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனம்’. அதன் பின் ‘அன்னாலெஸ் கேம்ப்ரியே’ என்ற ஆண்டுக்குறிப்பு. இதில் வரும் ஆண்டுகள் ஓரிரண்டு முன்பின் நகரக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

கொடிவழிகளில் மிகப் பழைய பெருந்தொகுப்பு இருப்பது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஹார்லி 3859 என்ற ஏட்டில். 1100 வாக்கில் படியெடுத்த ஏடு என்றாலும் உள்ளே இருக்கும் கொடிவழிகள் 10-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தொகுத்தவை. ஆக்ஸ்ஃபோர்டு ஜீசஸ் கல்லூரியின் 20-ஆம் எண் ஏடு 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல திருமண உறவுகளை அதில்தான் பார்க்கிறோம். அதனால் அதைக் கடைசியில் வையுங்கள், ஆனால் ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 4: எழுதச் சொன்னவரிடமிருந்து தொடங்குங்கள்

பலரும் கினெதாவில் தொடங்கிக் கீழே இறங்குகிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். ஹார்லி தொகுப்பின் முதல் இரண்டு கொடிவழிகளுமே ஹவெல் தாவின் மகன் ஓவைனுடையவை. 988-இல் இறந்தவர் அவர். முதலாவது தந்தைவழி, இரண்டாவது தாய்வழி. அதாவது முப்பதுக்கும் மேற்பட்ட கொடிவழிகள் கொண்ட அந்தத் தொகுப்பு முழுவதும் அவருடைய அரசவைக் கண்ணோட்டத்தில் அடுக்கியது.

முதல் வரியை நிதானமாகப் பாருங்கள். ஓவைன், அவர் தந்தை ஹவெல், காடெல், ரோட்ரி, மெர்வின். இதுவரை எல்லாம் தந்தை பெயர். மெர்வினுக்கு அடுத்து ‘எத்தில் மெர்க் கினான்’, அதாவது கினானின் மகள் எத்தில் என்று வருகிறது. மெர்வினின் தந்தை குரியாட் இந்த வரியிலேயே இல்லை! கினானின் வழியே ஏறினால் காட்வலாடர், காட்வாலன், மைல்குன், கினெதா என்று குவினெத்தின் பழைய மன்னர் வம்சத்தை அடையலாம். தந்தை வழியில் போனால் அது முடியாது. 825-இல் பட்டத்துக்கு வந்த மெர்வின் வெளியிலிருந்து வந்தவர். மான் தீவில் ‘குரியாட்டின் சிலுவை’ என்று பொறித்த ஒரு கல் இருக்கிறது. அது இவருடைய தந்தையின் சிலுவையாக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. புதிய வம்சம் ஒன்று, ஒரு பெண்ணின் பெயரைப் பிடித்துக்கொண்டு பழைய வம்சத்தோடு தன்னை இணைத்துக்கொண்ட இடம் இது. கொடிவழியில் திடீரென்று ஒரு பெண் பெயர் வந்தால் அங்கே அதிகாரம் கைமாறியிருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

படி 5: தலைமுறைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள். 25 ஆகலாம், 35 ஆகலாம். அதிலிருந்து ரொம்ப விலகினால் எங்கோ கோளாறு.

மைல்குன் பெரும் கொள்ளைநோயில் இறந்தது 547 என்கிறது ஆண்டுக்குறிப்பு. அவருக்குப் பின் ரூன், பெலி, யாகோ, காட்வான், காட்வாலன் என்று ஐந்து தலைமுறை. காட்வாலன் 633-இல் நார்த்தம்பிரிய மன்னர் எட்வினைக் கொன்று, 634-இல் ஹெவன்ஃபீல்டில் தானும் கொல்லப்பட்டார். 87 ஆண்டுகளில் ஐந்து தலைமுறை. சராசரி 17 ஆண்டுதான். நெருக்கடியாக இருக்கிறது. காட்வாலன் இளம் வயதில் போரில் விழுந்திருந்தால் ஓரளவு சமாதானம் சொல்லலாம். மைல்குனின் ஆண்டு சற்று முன்னதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம்.

இப்போது அடுத்த பகுதி. காட்வாலனுக்குப் பின் காட்வலாடர், இட்வல், ரோட்ரி மோல்வினோக், கினான் என நான்கு பேர். கினான் இறந்தது 816. 634-லிருந்து 816 வரை 182 ஆண்டுகளுக்கு நான்கே தலைமுறை. சராசரி 45-க்கும் மேல். முன்பு இறுக்கிப் பிடித்த கயிறு இங்கே தொய்ந்து தொங்குகிறது. அதிலும் ரோட்ரி இறந்தது 754. மகன் என்று சொல்லப்படும் கினான் அதற்கு 62 ஆண்டு கழித்து இறக்கிறார். நடக்கவே முடியாதது அல்ல, ஆனால் நடுவில் ஒரு பெயர் விழுந்திருக்கலாம்.

இந்தத் தொய்வை அப்படியே விட்டுவிடாமல், இடைப்பட்ட காலத்தில் குவினெத்தை ஆண்டது யார் என்று தேடுங்கள். 798-இல் ‘குவினெத் மன்னர் கராடோக்’ ஆங்கிலேயர்களால் கொல்லப்பட்டார் என்று ஆண்டுக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. ஓவைனின் கொடிவழியில் கராடோக் கிடையாது. ஹார்லி தொகுப்பின் மூன்றாவது கொடிவழியைப் புரட்டினால் கிடைக்கிறார்: கராடோக், அவர் தந்தை மெய்ரியான், மேலே போனால் கில்டாஸ் திட்டிய கின்கிளாஸ். கினெதாவின் மகன் எய்னியானிடமிருந்து பிரிந்து போன வேறொரு கிளை அது. அந்தக் கொடிவழியின் கடைசித் தலைமுறை கராடோக்கின் மகன் ஹவெல். கினானோடு ஆங்கிள்ஸிக்காகப் போரிட்டு 825-இல் இறந்த ஹவெலைக் கினானின் சகோதரர் என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் இந்த ஹவெலாகவே இருந்திருக்கலாம். தந்தையிலிருந்து மகனுக்கு நேராக இறங்கி வந்தது போலத் தெரிகிற பட்டம், நடுவில் பங்காளி வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது. எனக்கு இந்த முழுத் துறையிலும் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். இதற்கு ஒரு சின்னக் கழித்தல் கணக்கு போதும்.

படி 6: ஒரே வம்சத்துக்கு இரண்டு கொடிவழிகள் கிடைத்தால் விடாதீர்கள்

டவெட் இதற்குச் சிறந்த பயிற்சிக்களம். ஓவைனின் தாய் எலென், டவெட் மன்னர் லிவார்க்கின் மகள். அந்தத் தாய்வழி ஏடு டெவ்டோஸ், ரெகின் என்று ஏறி, ஆர்தர், பெட்ர், கின்கார், குவோர்டெபிர், அயிர்கோல், ட்ரிஃபுன் வரை போகிறது. (இந்த ஆர்தர் புராணக்கதை ஆர்தர் அல்லர், டவெட்டின் ஓர் இளவரசர்.) ட்ரிஃபுனுக்கு மேலே க்ளோட்ரி முதலான சில பெயர்கள், பிறகு ரோமப் பேரரசர் மாக்சிமஸ், அப்புறம் கான்ஸ்டன்டைன்.

அயர்லாந்தில் டேஸி என்ற குடி வெளியேற்றப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதிலும் இதே டவெட் வம்சம் வருகிறது. டெவ்டோஸிலிருந்து ட்ரிஃபுன் வரை, உச்சரிப்பு மாறினாலும், பெயர்கள் வரிசையாகப் பொருந்துகின்றன: ஆர்தருக்கு ‘ஆர்டுர்’, ட்ரிஃபுனுக்கு ‘ட்ரெஸ்டின்’. அதற்கு மேலே பாதை பிரிகிறது. ட்ரெஸ்டினின் தந்தை ஏய்த் ப்ரோஸ்க், மேலே கோராத், அவருக்கு மேலே கடல் கடந்து போன யோகைட். ரோமர் வாடையே இல்லை!

கடலின் இரு கரைகளிலும் எழுதப்பட்ட இரண்டும் ஒத்துப்போகும் பகுதியை நம்பலாம். பிரியும் இடத்துக்கு மேலே அவரவர் விருப்பம். எந்த விருப்பம் உண்மைக்கு அருகில் என்று கேட்டால் நான் அயர்லாந்துப் பக்கம் நிற்பேன். டவெட்டில் ஐரிஷ் மொழிக்கான ஓகம் எழுத்துக் கற்கள் ஏராளம். காஸ்டெல் டுவிரான் என்ற இடத்தில் கிடைத்த கல்லில் லத்தீனில் “மெமோரியா வோட்டெபோரிகிஸ் ப்ரோடிக்டோரிஸ்” என்றும், ஓரத்தில் ஓகம் எழுத்தில் ‘வோட்டெகோரிகஸ்’ என்றும் இருக்கிறது. கொடிவழியின் குவோர்டெபிரும் கில்டாஸ் குறிப்பிடும் வோர்டிபோரும் ஒருவரே. கல்லில் உள்ளவரும் அவர்தானா என்பதில் ஓர் எழுத்து குறைவதால் விவாதம் உண்டு. அதே குடும்பத்துப் பெயர் என்பது தெளிவு. ‘ப்ரோடெக்டர்’ என்பது ரோமப் படையில் ஒரு பதவி. வேல்ஸ் ஏட்டின் உச்சியில் மாக்சிமஸுக்குத் தந்தை ‘ப்ரோடெக்’, அவருக்குத் தந்தை ‘ப்ரோடெக்டர்’ என்று இருக்கிறது. பதவிப் பெயர் இரண்டு பாட்டன்களாகிவிட்டது.

படி 7: ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த பாட்டன்களைப் பிடியுங்கள்

கினெதா தன் மகன்களோடு வடக்கே, இன்றைய ஸ்காட்லாந்தில் உள்ள மனாவ் கொடோதினிலிருந்து வந்து ஐரிஷ்காரர்களை விரட்டினார் என்று ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனம்’ சொல்கிறது. மகன்களின் பெயர்கள் ஹார்லி ஏட்டில் வருகின்றன. கெரெடிக் பெயரில் கெரெடிகியன், ருவோன் பெயரில் ருவோனியோக், டினோட் பெயரில் டினோடிங், எடெர்ன் பெயரில் எடெய்ர்னியான், பேரன் மெய்ரியான் பெயரில் மெய்ரியோனித். ஒவ்வொரு மகனும் ஒரு மாவட்டம். இவ்வளவு ஒழுங்கு சந்தேகத்துக்குரியது. அந்தப் பகுதிகளெல்லாம் குவினெத்தின் உறவுமுறைக்குள் அடங்கியவை என்று காட்டுவதற்கு இந்தப் பட்டியல் மிகவும் வசதியானது.

இங்கேயும் கணக்குப் போடலாம். மைல்குன் ஆள்வதற்கு 146 ஆண்டுகளுக்கு முன் கினெதா வந்தார் என்று நூல் சொல்கிறது. கொடிவழிப்படி மைல்குன் கினெதாவின் கொள்ளுப்பேரன், மூன்றே தலைமுறை. ஒத்துவரவில்லை.

டவெட்டில் இதைவிடத் தெளிவான ஆதாரம் உண்டு. மாக்சிமஸின் மகன் ‘டிமெட்’ என்று ஏடு சொல்கிறது. டவெட் என்ற நாட்டுப் பெயருக்கு ஒரு பாட்டனைத் தருகிறது. மாக்சிமஸ் இறந்தது 388. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 2-ஆம் நூற்றாண்டில், புவியியல் அறிஞர் தாலமி அந்தப் பகுதி மக்களை டெமெடே என்று குறித்துவிட்டார். பெயர் முதலில் இருந்தது, பாட்டன் பிறகு வந்தார்.

படி 8: போட்டியாளர் எழுதியதையும் படியுங்கள்

லாங்கோலன் அருகே, வாலே க்ரூசிஸ் மடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலக் கால மேட்டின் மேல் உடைந்த கல்தூண் ஒன்று நிற்கிறது. பொவிஸ் மன்னர் கிங்கென் தன் கொள்ளுத்தாத்தா எலிசெத்துக்காக எழுப்பியது. எழுத்துகள் இன்று தேய்ந்துவிட்டன. நல்லவேளையாக 1696-இல் எட்வர்ட் லூயிட் படியெடுத்து வைத்தார். கிங்கென், காடெல், ப்ரோக்மைல், எலிசெத், குவைலௌக் என்று தொடங்கும் அந்தக் கல்வெட்டு, ஆங்கிலேயரிடமிருந்து வாளால் பொவிஸை மீட்டவர் எலிசெத் என்கிறது. பிறகு வம்சத்தின் தொடக்கத்துக்குப் போய், பிரிட்டனின் பழைய மன்னர் வோர்டிகெர்னையும் அவருக்கு மனைவியான, மாக்சிமஸின் மகள் செவிராவையும் சொல்கிறது. அவர்கள் மகன் பிரிட்டுவைப் புனித ஜெர்மானுஸ் ஆசீர்வதித்தாராம்.

ஏறத்தாழ அதே காலத்தில் மெர்வினின் குவினெத்தில் எழுதிய ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனம்’ நூலோ, வோர்டிகெர்னைப் பாவி என்றும், அதே ஜெர்மானுஸ் அவருக்கு எதிராக நின்றார் என்றும் சொல்கிறது. பொவிஸ் மன்னர்கள் வோர்டிகெர்னின் வழி அல்லர், ஜெர்மானுஸுக்கு விருந்து வைத்த காடெல் என்ற ஒரு வேலைக்காரரின் வழி என்கிறது. ஒரே புனிதரை இரு அரசவைகளும் தங்கள் பக்கம் இழுக்கின்றன. இரு மன்னர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதற்கும் சான்று உண்டு. மெர்வினின் அவைக்கு வந்த ஐரிஷ் அறிஞர்களுக்குப் புதிராகக் கொடுத்த ஒரு சங்கேத எழுத்தை விடுவித்தால், “மன்னர் மெர்வின் கிங்கெனுக்கு வணக்கம்” என்று வருகிறது.

படி 9: பெண்களின் பெயர்களைத் தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் சாட்சியின் வயதைக் குறியுங்கள்

ரோட்ரி மௌர் 844-இல் குவினெத்தைப் பெற்றார். 854 வாக்கில் கிங்கென் ரோமில் இறந்தார். பிறகு பொவிஸ் ரோட்ரியின் வம்சத்திடம் வந்தது. 871 வாக்கில் கெரெடிகியன் மன்னர் குகோன் நீரில் மூழ்கி இறந்தார். அதுவும் அவர்களிடமே வந்தது. காரணமாகச் சொல்லப்படுபவை திருமண உறவுகள்: பொவிஸுக்கு அந்த வம்சத்துப் பெண் நெஸ்ட், கெரெடிகியனுக்கு குகோனின் சகோதரி அங்ஹாரட். ஆனால் இருவரையும் இந்த உறவோடு காட்டுபவை பிற்கால ஏடுகள். நெஸ்ட் மெர்வினின் தாயா, மனைவியா என்பதில்கூட அவை ஒத்துப்போவதில்லை.

சமகாலத்தவரான ஆசரோ நேராகப் பேசுகிறார். ரோட்ரியின் ஆறு மகன்களின் நெருக்குதல் தாங்காமல் டவெட் மன்னர் ஹவைத் ஆல்ஃபிரட்டிடம் அடைக்கலம் புகுந்தார் என்கிறார். அந்த ஹவைத்தின் பேத்திதான் ஹவெல் தாவை மணந்த எலென். அவளுடைய தந்தை லிவார்க் 904-இல் இறந்தார். மறு ஆண்டில் ஹவைத்தின் இன்னொரு மகன் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதற்குப் பிறகு டவெட் ஹவெலின் குடும்பத்துக்குப் போனது. கொடிவழியில் அமைதியாக ஒரு மணமகளின் பெயர் நிற்கும் இடத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது. படையின் வேலையையும் திருமணத்தின் வேலையையும் பிரித்துப் பார்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தே நடந்தன.

படி 10: உங்கள் படத்தை வரையுங்கள்

பெரிய தாளில், ஓவைனைக் கீழே வைத்து மேல்நோக்கி வரையுங்கள். கல்வெட்டோ சமகால எழுத்தோ உறுதிசெய்யும் உறவுக்கு முழுக்கோடு. இரண்டு தனித்தனி ஏடுகள் ஒத்துப்போனால் மெல்லிய கோடு. ஒரே ஓர் அரசவையின் ஏடு மட்டும் சொன்னால் புள்ளிக்கோடு. ஊர்ப்பெயர்ப் பாட்டன்களுக்கும் பேரரசர்களுக்கும் கோடே வேண்டாம், பெயரை மட்டும் எழுதுங்கள். இறந்த ஆண்டு தெரிந்தால் பக்கத்தில் குறித்து, தலைமுறை இடைவெளி 20-க்குக் கீழோ 40-க்கு மேலோ போகும் இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அந்த வட்டங்களில்தான் உங்கள் அடுத்த வேலை இருக்கிறது.

இது கைவந்ததும் 11-ஆம் நூற்றாண்டுக்குப் போகலாம். ஓவைனின் மகன் மரெடித் 999-இல் இறந்தார். அவருடைய மகள் இன்னொரு அங்ஹாரட். அவளை முதலில் மணந்தவர் லெவெலின் அப் செய்சில்; அவர்கள் மகன் க்ரிஃபித் வேல்ஸ் முழுவதையும் ஆண்டு 1063-இல் இறந்தார். இரண்டாவதாக மணந்தவர் கின்வின். அந்த மகன் ப்ளெதின், அண்ணன் க்ரிஃபித்துக்குப் பிறகு குவினெத்தையும் பொவிஸையும் பிடித்தார். ஒரே பெண்ணின் இரண்டு திருமணங்களிலிருந்து இரண்டு மன்னர்கள். லெவெலினின் முன்னோர் யார், கின்வினின் முன்னோர் யார் என்று சொல்லும் ஏடுகளை எடுத்து, மேலே உள்ள பத்துப் படிகளையும் அவற்றின் மேல் போட்டுப் பாருங்கள்.